செலியின் நான்கு திருகுகள்

— …நம்பினா நம்புங்க, மேஸ்திரி. பாரிஸ்ல இருக்கிற கடிகாரக்காரன் அத்தனை பேரையும் நாப்பது வருஷம் இந்தக் கடிகாரத்துக்கு வெளியிலயே நிக்க வச்சவ நான். இந்த ஒத்த இடது கையால.

— செலி, மேசையை ஆட்டாதே. துரப்பணம் வழுக்கிடும்.

— ஒருத்தன் பல்லால கடிச்சுத் திறக்கப் பாத்தானாம். ரெண்டு பல்லு போச்சு. இன்னொருத்தன் முடியெல்லாம் பிச்சுக்கிட்டு, கடைசியில சாமியாராப் போயிட்டான்.

— இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?

— சாமியார்தான்.

— பிரயாணத்துல தூக்கிட்டுப் போற கடிகாரம். அடியில நாலு திருகு. நாலும் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு, அவ்வளவுதான் சங்கதி. பாரிஸ்லேர்ந்து இதைத் திரும்ப வாங்கிட்டு வந்த மேயர், நாளைக்கு ஊர் மன்றத்துல வைக்கப்போறார். ஓடாததை வச்சா மானம் போகும். துளைச்சுத்தான் உள்ளே போகணும்.

— கூடவே ஒரு தகடும் வைக்கிறாராமே. அதுல என்ன எழுதியிருக்கு?

— தெரியாத மாதிரி கேக்குறியே. "சேன்-நிக்கொலாவில் செய்தது. செய்தவர் ஒக்தாவ் துபொக்."

— கடிகார முகத்துல வித்த பாரிஸ் கடைக்காரன் பேரு, தகட்டுல உங்க பேரு. ஒரு கண்ணு சூப்புலயும் ஒரு கண்ணு பல்சக்கரத்துலயும் வச்சு, நாலு மாசம் அடுப்படியில கிடந்து இதைச் செஞ்சு பூட்டினவ யாரு, எங்க வீட்டுப் பூனையா?

— பட்டறைப் பதிவேட்டுல என் பேருதான் இருக்கு.

— பதிவேட்டை எழுதினதும் நீங்கதானே. அந்த வயித்தெரிச்சல்லதான் நாலு திருகுக்கும் மரையை மாத்தி வெட்டினேன். ஊர்ல எந்தத் திருகும் இடப்பக்கம் திருப்பினா கழலும். என்னோடது இறுகும்.

— நீ இடதுகைக்காரிங்கிறதுக்காக மரையும் மாறிடுமா? காலமெல்லாம் திருகு வெட்டினவன் நான். என்கிட்டயே கதை விடாதே.

— மரை வெட்டுற அச்சையே தனியாச் செஞ்சேன், மேஸ்திரி. துரப்பணத்தைக் கீழ வைங்க. திருப்புளியை எடுத்து வலப்பக்கம் திருப்புங்க.

— முறிஞ்சுதுன்னா?

— இந்த வருஷத்து ஆப்பிள் கள்ளு ஒரு பீப்பா உங்களுக்கு. தகடும் உங்களுக்கே. நான் வாயே திறக்க மாட்டேன்.

— அதுக்காகவாவது திருப்பிப் பாக்கலாம்.

— வலப்பக்கம்… அப்படித்தான். என்ன, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— கழலுது.

— மத்த மூணு?

— பேசாம இரு… இதுவும்… இதுவும்… இதுவும். அடித்தட்டு கையோட வந்துடுச்சு. உள்பக்கம் ஏதோ கீறியிருக்கே. என் மூக்குக்கண்ணாடியை எடு.

— எனக்கு மனப்பாடம். நீங்க படிங்க, தெருவுக்குக் கேக்குற மாதிரி.

— "செஞ்சவ செலி வசான். மேஸ்திரி ஒரு திருகைக்கூடத் தொடலை."

— அப்புறம்? அந்தத் தகடு?

— மேயர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்.

— என்னன்னு?

— உள்ளதைத்தான், செலி. இந்தக் கடிகாரத்துல நான் தொட்ட மொதல் திருகே இன்னைக்குத்தான்னு.