சிவப்புக் கொடி இறங்காத நாள்

“நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இப்படிக் கேட்டபோது எங்கள் படகுத்துறை மேலாளர், காற்றளக்கும் கருவியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “தெரியும் சார். பேப்பர்ல படம் பார்த்தேன். காத்துக்குத்தான் உங்களத் தெரியல” என்றார்.

அந்தப் பதிலுக்கு உரியவரே இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அக்கா. அலையின் அளவறிந்தவர், ஆள் பார்த்து அளவை மாற்றாதவர், கடலுக்கு மரியாதையும் கடமைக்கு முதலிடமும் தந்தவர். கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறினால் நீரிணையில் படகு இறங்காது. ஏற்றுவதும் இறக்குவதும் அவர் ஒருவர் பொறுப்பு. ‘சிவப்புக்கொடி அக்கா’ என்றால்தான் துறையில் யாருக்கும் தெரியும். அவர் காலத்தில் எங்கள் படகுகள் தாமதமாகப் போயிருக்கின்றன, போகாமலும் இருந்திருக்கின்றன. போன படகு திரும்பாமல் இருந்ததில்லை.

அன்று அக்கரையில், நீரிணைக்குக் குறுக்கே பாலம் கட்டுவதா வேண்டாமா என்று சட்டமன்றம் விவாதிக்க இருந்தது. பாலம் வந்தால் எங்கள் பிழைப்பு போகும். ‘படகே போதும்’ என்று எங்களுக்காக அடித்துப் பேச இருந்த ஒரே உறுப்பினர், அக்காவிடம் அப்படிக் கேட்ட அவர்தான். கொடியோ இறங்குவதாயில்லை.

கயிறு கட்டும் அண்ணன் கெஞ்சினார். “அக்கா, கண்ண மூடிக்கிட்டு இந்த ஒரு தடவ இறக்குங்க. அந்த மனுஷன் போகலன்னா நம்ம கதை முடிஞ்சுது.”

“நான் கண்ண மூடிக்கிட்டா காத்து நின்னுடுமா? எனக்கு மட்டும் வீட்ல உலை கொதிக்க வேணாமா? பாலம் வந்தா வரட்டும். இன்னிக்குப் படகு போகாது.”

“எதிர்க்கட்சிகூட இப்படி மடக்காது” என்று முணுமுணுத்தார் இஞ்சின் டிரைவர்.

“இஞ்சினுக்கு எண்ணெய் போடுங்க தம்பி. வாய்க்கு வேணாம்.”

காத்திருப்புக் கூடத்தில், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு அக்கரை மருத்துவமனைக்குப் போகக் காத்திருந்த ஒரு தாயின் பக்கத்தில்தான் உறுப்பினருக்கு இடம் கிடைத்தது. நெடுநேரம் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டமன்றத்துக்குப் போன் செய்தார்: “காத்து அதிகம். படகு போகல. வர முடியல.” அந்தக் காரணத்தை அவைத்தலைவர் அப்படியே வாசிக்க, அவை சிரித்ததாம். பாலத் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

நாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். அக்கா உட்காரவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, எங்களில் ஒருவர் விடாமல் பாலத்திலேயே வேலை என்று உத்தரவு வாங்கி வந்தார். பாலத்தின் முகப்பிலும் ஒரு கொடிக்கம்பம் வேண்டும் என்று வாதாடி, அதையும் வரைபடத்தில் ஏற்றினார். கடலுக்குள் இன்று தூண்கள் எழுகின்றன. அவற்றைப் பார்த்து நாங்கள் பயப்படுவதில்லை.

அந்தப் பாலத்தில் காலாற நடந்து, காற்று மிகுந்தால் எங்களை அதட்டித் திருப்பியனுப்பும் உடல்நலத்தோடும் குரல்வளத்தோடும் அக்கா நெடுங்காலம் வாழ வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். சென்ற மாதம் காற்றடித்த ஒரு காலையில் அதே உறுப்பினர் கையில் டிக்கெட்டோடு துறைக்கு வந்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், சிவப்பு. சன்னலுக்குள் அக்கா எழுந்து நின்றார். உறுப்பினர் டிக்கெட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

என்றும் அக்காவின் கொடிக்குக் கட்டுப்பட்ட
படகுத்துறைப் பணியாளர்கள்