காற்றுக்குக் கட்டின கோபுரம்

— எங்கட பிள்ளை என்ன சொன்னவள் எண்டு கேட்டால், நீர் போனை நீட்டிக் கோபுரம் காட்டுறீர். அபுதாபியிலயும் எங்கட ஆக்கள் கோயில் கட்டிப்போட்டினமோ, குமுதினி?

— கோயிலில்லையப்பா, காத்துக்குக் கட்டின கோபுரம். நீங்கள் றோட்டைப் பாத்துக் காரை ஓடுங்கோ.

— றோட்டில என்ன கிடக்கு? ஹீத்ரோவால வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலம். இன்னும் உந்த வெள்ளை வானின்ரை பின்பக்கத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். செவன் கிங்ஸ் வீட்டுக்குப் போய்ச் சேரப் பொழுதுபட்டிடும். பிளேனிலயும் நெரிசலோ?

— இல்லை, பக்கத்துச் சீட் வெறுமை. காலை நீட்டிக்கொண்டு வந்தனான்.

— உமக்கு நல்ல லக்தான். சரி, காத்துக்கு என்னத்துக்குக் கோபுரம்?

— மேலை போற காத்தைப் பிடிச்சுக் கீழை இறக்குறதுக்கு. வெளியில நாப்பத்திமூண்டு டிகிரி, செருப்பு தாரில ஒட்டுது. பிள்ளை வேலை செய்யிற அந்த மஸ்தார் நகரத்துக்குள்ளை கால் வைச்சன், நெத்தி வேர்வை காஞ்சு போச்சு. கோபுரத்துக்குக் கீழை என்னை நிப்பாட்டி, "கண்ணை மூடுங்கோ அம்மா" எண்டாள் பிள்ளை. உச்சந்தலையில ஆரோ மெல்ல ஊதினமாதிரி இருந்தது.

— ஏசியாய் இருக்கும்.

— ஏசி இல்லையெண்டுறன்! ஒழுங்கையள் எல்லாம் ஒடுக்கம். இந்தச் சுவரின்ரை நிழல் அந்தச் சுவரில விழுது. வெய்யில் எத்தினை மணிக்கு எங்கை வரும் எண்டு பாத்துப் பாத்துக் கட்டியிருக்கிறாங்கள். என்ன மூளையப்பா! இந்த வயசுக்கு நான் இப்பிடி ஒண்டைக் காணேல்லை.

— அவ்வளவு ஒடுக்கமெண்டால் கார் எதுக்குள்ளாலை போறது?

— கார் உள்ளுக்கு வராது. ஒழுங்கையளுக்குக் கீழை சின்ன வண்டியள் ஓடுது. டிரைவர் இல்லை, ஸ்டியரிங் இல்லை. ஏறியிருந்து பட்டனை அமத்தினால் சரி.

— முப்பது வருசமாய் பஸ் ஓடுறவனிட்டைச் சொல்லுற கதையே உது?

— கோவிக்காதேங்கோ. உங்களைப்போல அது சடாரெண்டு பிரேக் போடேல்லை.

— போதும் உம்மட பகிடி. இந்த மாதத்தோட அவளின்ரை கொன்ராக்ட் முடியுது. திரும்பி வரச்சொல்லிக் கேக்கத்தானே உம்மை அனுப்பினனான்? மேலறைக்குப் பெயின்ற் அடிச்சு, புதுக் கட்டிலும் பூட்டி வைச்சிருக்கிறன்.

— முன்னுக்கு வான் நகருது, காரை எடுங்கோ.

— குமுதினி, கேட்டனீரோ?

— சொல்லுறன். அவளுக்கு அங்கை என்ன வேலை தெரியுமோ உங்களுக்கு?

— எஞ்சினியர்.

— நிழல் அளக்கிற எஞ்சினியர். இனிக் கட்டப்போற ஒழுங்கைக்கு எவ்வளவு நிழல் வேணுமெண்டு பாக்கிறாள். கையில ஒரு மெஷினை வைச்சுக்கொண்டு எனக்கு முன்னாலை ஓடுறாள். "இந்தச் சுவரைத் தொடுங்கோ அம்மா, நான் சொல்லித்தான் நாலடி தள்ளிக் கட்டினவை" எண்டுறாள். இஞ்சை இருக்கேக்கை வாய் திறக்காத பிள்ளை! காவலுக்கு நிக்கிறவன், தேத்தண்ணி விக்கிறவன், எல்லாரும் அவளை ஜதுர்ஷிகா எண்டு முழுப்பேரும் சொல்லிக் கூப்பிடுறாங்கள். "எப்பிடியம்மா எங்கட ஊர்?" எண்டு கேட்டாள். எங்கட ஊராம்! நாங்கள் லண்டனுக்கு வந்து முப்பத்திரண்டு வருசம். ஒருநாளாவது அந்தச் சொல்லு எங்கட வாயில வந்ததோ?

— சுத்தி வளைக்காமல் மாட்டன் எண்டிட்டாள் எண்டு சொல்லுமன். தேப்பன் நான் போனில அழுதும் அவளுக்கு மனம் இரங்கேல்லை.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ, பாவம். நீங்கள் அழுத அண்டைக்கே டிக்கெட் போட்டவள்.

— உண்மையாவோ? எப்பத்தையான் டிக்கெட்?

— எனக்குப் பக்கத்துச் சீட், அப்பா. பெட்டியோட எயார்போட்டுக்கு வந்தவளை, போய்ப் புதுக் கொன்ராக்டில கையெழுத்து வையடி எண்டு திருப்பி அனுப்பினது நான்தான்.