கொசுவத்திக்குக் காத்து ஊதினது யாரு

ஏழே முக்காலுக்குக் கொடி விழுந்துச்சு சார். பந்தயத்துல பதினோரு பைக்கு. மேட்டு உச்சிக்கு மொதல்ல வந்தது என் கொசுவத்தி. அத்தன பேரும் பாத்தாங்க. இப்ப ஸ்பானரத் தூக்கிட்டு வந்து, காத்து ஊதுற மெஷின உள்ள ஒளிச்சு வச்சிருக்கியாமே, புகார் வந்திருக்குங்கறீங்க. யாரு கொடுத்தான்னு சொல்ல மாட்டீங்க. சொல்லாதீங்க. அப்படி இருந்தா கோப்பையும் போச்சு, ரெண்டு வருசம் பந்தயத்துப் பக்கமே வரக்கூடாது. தெரியும் சார் எனக்கு. கழட்டுங்க.

கொசுவத்தியா? வண்டி பேரு. ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி, புகை அப்படி.

அந்த போல்ட் இல்ல, பக்கத்துல இருக்கறது. என்ன, ஓட்டைங்களைப் பாக்குறீங்க? பழைய தழும்பு அது. மேல இருக்கறது எங்க வீட்டுக்காரர் போட்டது. லேத் பட்டறை வச்சிருக்காரு. எஞ்சின்லேருந்தே பெல்ட் மாட்டி விசிறிய சுத்த வச்சு காத்த உள்ள திணிக்கணும், சூப்பர்சார்ஜர்தான் சரின்னாரு. கீழ இருக்கறது எங்கண்ணன் வேலை. பஸ் டெப்போ மெக்கானிக். புகை சும்மாதானே வெளிய போகுது, அதை வச்சு சுத்து, டர்போதான்னான். மூணு வருசம் சார்! ரெண்டு பேரும் ஒரு மேசைல உக்காந்து சாப்பிட்டதில்ல. மாப்ளைக்குத் தெரிஞ்சது லேத்தும் தூக்கமும்னு இவன் சொல்வான். மச்சானுக்கு பஸ்ஸுக்கும் கொசுவுக்கும் வித்தியாசம் தெரியாதும்பாரு அவரு. ஓட்டுறவ நானு. என்னை ஒருத்தர் கேட்டாங்களா?

சிரிக்காதீங்க சார். ஓட்டிப் பாத்திருந்தா தெரியும்.

ரெண்டு ஸ்ட்ரோக்குல காத்து உள்ள வர்ற வாசலும் புகை வெளிய போற வாசலும் ஒரே நேரத்துல தொறந்து கெடக்கும். இந்த வாசல்ல ஊதினா அந்த வாசல் வழியா ஓடிரும். அவரு பெல்ட்டு பாதிப் பெட்ரோல எரிக்காமயே வெளிய துப்புச்சு. சூடு ஏறி, பிஸ்டன் ஜாம் ஆகி, பின் சக்கரம் அப்படியே நின்னு, நான் பறந்தேன். தோள் எலும்பு இன்னும் கோணல்தான். அண்ணன் டர்போ அதுக்கும் மேல. ஏத்தத்துல கெஞ்சினாலும் வராது. வளைவுல திரும்புறப்பதான் திடீர்னு ஞாபகம் வந்து ஒரே தள்ளு. வேலிக்குள்ள போய்க் கெடந்தேன். ஆஸ்பத்திரில கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் இவன். எந்த மெஷின்ல விழுந்தா அடி கம்மின்னு எனக்கு மேலயே சண்டை! நர்சு வந்து ரெண்டு பேரையும் வெளிய தள்ளினாங்க.

அப்புறம் என்ன? ரெண்டையும் கழட்டி, சாக்குல கட்டி, என் தையக்கடை மேசைக்கு அடியில போட்டுட்டேன். வண்டியவும் கடைக்குப் பின்னாடி பூட்டியாச்சு. ஒருத்தரையும் உள்ள விடல. ஆமா, தையக்காரிதான். அந்த சைலன்சரப் பாருங்க, நடுவுல வயிறு பெருத்து ரெண்டு பக்கமும் ஒடுங்கி இருக்குல்ல? வெளிய ஓடப் பாக்குற பெட்ரோல அதுதான் உள்ள திருப்பி அனுப்புது. அளவு மட்டும் அமைஞ்சுட்டா எவனும் ஊத வேணாம். குடை மாதிரி விரியுற ஃபிராக்குக்குத் துணி வெட்டுற மாதிரி தகரத்த வெட்டி, சுருட்டி, வெல்டிங் வச்சேன். எத்தனையோ வீணாப் போச்சு. இது உக்காந்துச்சு.

பாத்துட்டீங்களா? கார்புரேட்டர், அப்புறம் நேரா எஞ்சின். நடுவுல ஏதாவது இருக்கா? நல்லா கைய விட்டுப் பாருங்க.

இல்லைல்ல? எங்கிட்ட ஏன் மெதுவா சொல்றீங்க? மைக்குல சொல்லுங்க. அதோ வேலியோரம் ஒரே குடைக்குள்ள தோளோட தோள் ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, உங்க புகார்காரங்க, அவங்களுக்குக் கேக்கணும். ஒருத்தர் உள்ள டர்போ இருக்குன்னிருப்பாரு, இன்னொருத்தர் சூப்பர்சார்ஜர்னிருப்பாரு. அப்படித்தானே? பின்ன எனக்கு எப்படித் தெரியாமப் போகும்? குடையப் புடிச்சிருக்கறது எங்கண்ணன். பக்கத்துல எங்க வீட்டுக்காரரு. தன் மெஷின ஒதுக்கிட்டு அடுத்தவர் மெஷின மாட்டிட்டேன்னு ரெண்டு பேருக்கும் நெனப்பு.

இருபத்திரெண்டாந்தேதி அடுத்த பந்தயம். பேரு கொடுத்துட்டேன்.