பாய்க்கு அடியில் இரண்டு பேர்

— அசையாத தாயி. நீ நெளிஞ்சா பாய் நலுங்குது. வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

— முட்டி விட்டுப்போச்சுண்ணே. கல்லு குத்துது.

— குத்தட்டும். மன்னிப்புக் கேக்கப் பாயைப் போத்திக்கிட்டு, விறகையும் கல்லையும் மடியில கட்டிக்கிட்டு, செத்தவன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்ததே எதுக்கு? 'இந்தா அடுப்பு, எங்களைச் சுட்டுத் தின்னாலும் சரி'ன்னு சொல்லத்தானே? என்னைச் சுட்டா ஊரு பூரா பீர் நாத்தம் அடிக்கும், அது வேற.

— இப்பவும் உனக்குக் கேலி.

— கேலி பண்ணலேன்னா எந்திரிச்சு ஓடிருவேன் தாயி. என்ன பண்ணச் சொல்ற?

— விடிஞ்சு எவ்வளவு நேரம் இருக்கும்?

— முதுகுல வெயில் ஏறிடுச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போற சத்தமும் கேட்டாச்சு. ரெண்டு மணி நேரம் இருக்கும்.

— சுவரே இல்லாத வீடு. உள்ள பேசினா இங்க கேக்கணும். ஒரு குரல் கேக்கலையே. பெனினா வாய்விட்டு அழுதாலாவது மனசு ஆறும்.

— எப்படி அழுவா? நேத்து சாயங்காலம் உயிர் போன பிள்ளையை நடுவீட்டுல கிடத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவனுக்கு இருபத்தி ரெண்டு வயசு. அழுறதுக்கும் தெம்பு வேணும்ல?

— அவ அண்ணன்மாரு?

— மூணு பேரும் வாசல்ல. இவ்வளவு நேரம் கத்தி தீட்டுற சத்தம் கேட்டுச்சு. இப்ப கேக்கல. தீட்டி முடிச்சிட்டாங்க போல.

— ஆண்டவரே.

— பயப்படாத. பாயைத் தூக்கினாங்கன்னா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம், எந்திரிச்சு வீட்டுக்குப் போகலாம். தூக்கலேன்னா கத்தி முதல்ல என் பக்கம்தான் வரும். நான்தானே வாசலை ஒட்டி உக்காந்திருக்கேன். ஆனா அம்மா இந்தப் பாயைப் பார்த்திருந்தா கத்திக்கு முன்னாடி அவளே என்னைக் கொன்னிருப்பா. அவ கல்யாணத்துச் சீர்ப்பாய். வருஷத்துக்கு ஒரு தடவைகூட வெயில்ல காட்ட மாட்டா. இப்ப பாரு, என் வேர்வையில ஊறுது.

— அம்மா இருந்திருந்தா முதல் நாளே என் கையைப் பிடிச்சு இங்க இழுத்துட்டு வந்திருப்பா.

— உன்னை எதுக்கு? உன்னை யாரும் வரச் சொல்லலையே. பொம்பளைங்க பாய்க்குள்ள உக்கார்றது நம்ம பக்கத்துல எங்க நடந்திருக்கு? 'அண்ணன்கூட நானும் உக்காருவேன்'னு நீ ஒத்தைக் கால்ல நின்னப்ப பின்னாடி உக்காந்திருக்கிற நம்ம சனம் நாப்பது பேரும் மூக்கைச் சிந்தினாங்க. 'அண்ணன் பண்ணின பாவத்துக்குத் தங்கச்சி மண்டியிடுறா பாரு, வேதபாடம் நடத்துறவள்னா சும்மாவா'ன்னு.

— கேட்டேன். காய்ச்சின ஈயத்தைக் காதுல ஊத்தின மாதிரி இருந்துச்சு. யாரு பண்ணின பாவத்துக்கு யாரு மண்டியிடுறாண்ணே?

— மெதுவா.

— வண்டி ஓட்டினது நான்.

— மெதுவாப் பேசு தாயி! பாய்க்கு வெளிய காது இருக்கு.

— மூணு வாரமா மெதுவாத்தானே பேசிக்கிட்டு இருக்கேன்? உனக்குத் தலை நிக்கல, அதனால நான் ஓட்டினேன். சாயங்கால ஜெபத்துக்கு முதல் சங்கு ஊதியாச்சு. ரெண்டாவது சங்குக்குள்ள வீடு போய்ச் சேரணும், ஜெப நேரத்துல வேதபாடம் நடத்துறவளே ரோட்டுல நின்னா என்ன ஆகும்னு மிதிச்சேன். அந்தப் பிள்ளையும் அதே சங்குக்குத்தான் ஓடினான். தோள்ல ஈரப்பலாக்காய் மூட்டை. ஜெபத்துக்குப் பிந்தக் கூடாதுன்னு ரெண்டு பேரும் ஓடி...

— அதை எத்தனை தடவை சொல்லுவ?

— கத்திச் சொல்ற வரைக்கும்.

— கத்தினா என்ன ஆகும்னு யோசிச்சியா? உன் வீட்டுக்காரர் நியூசிலாந்துல பழம் பறிச்சிட்டு இருக்கார். வீட்டுல மூணு பிள்ளைங்க. நீ ஜெயிலுக்குப் போனா அதுங்களுக்கு யார் பொங்கிப் போடுவா? நானா? எனக்குச் சேப்பங்கிழங்கு அவிக்கவே ஆள் வேணும்.

— அன்னைக்கு நீ என்னைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங்குல உக்காந்தப்ப நான் ஏன் சும்மா இருந்தேன்? அதைச் சொல்லு. என் வாயை யாரு கட்டினா?

— கால் முறிஞ்சிருக்கு, அவ்வளவுதான்னு நெனச்சோம். பிள்ளை பேசிக்கிட்டுத்தானே இருந்தான்? 'குடிகாரப்பய சகாரியா ஏத்திட்டான்'னு நாலு நாள் பேசுவாங்க, அபராதம் போடுவாங்க, முடிஞ்சுபோகும்னு இருந்தோம். கால்ல கட்டின ரத்தம் நெஞ்சுக்குப் போகும்னு யாரு கண்டா?

— இப்ப அபராதத்தோட போகாது. அன்னைக்கு எழுதிக்கிட்டு விட்டுட்ட போலீசு நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போவாங்க. ஏழெட்டு வருஷம்.

— போறேன். அங்கயும் சோறு போடுறாங்க. குடிக்கத்தான் கிடைக்காது. உனக்குச் சந்தோஷம்தானே?

— சிரிக்க வைக்காதண்ணே, சத்தியமா எனக்கு அழுகை வருது.

— கேளு தாயி. தங்கச்சிங்கிறவ அண்ணனுக்குக் கண்ணுல இருக்கிற பாவைன்னு நம்ம பெரியவங்க சும்மா சொல்லல. கண்ணுக்கு ஒண்ணு வந்தா கை தானா மறைக்கும். கையைப் போய் 'ஏன் மறைச்ச'ன்னு கேப்பியா?

— அது முறை. நான் கேக்குறது நியாயம்.

— நியாயமா? புதன்கிழமை புதன்கிழமை நீ சொல்லிக்குடுத்தது நியாயமா? பொம்பளைங்க எல்லாம் உள்ள உக்காந்து பாடம் படிக்கும்போது நான் வெளிய வண்டியில படுத்துக் கிடப்பேன்ல? தூங்குறேன்னு நெனச்சியா?

— குறட்டை கேக்குமே.

— பாதி குறட்டை பொய். கேட்டுட்டுத்தான் கிடப்பேன். இந்த வருஷம் பூரா கிருபை, கிருபை, கிருபை. சம்பாதிக்க முடியாது, திருப்பிக் குடுக்க முடியாது, கையை நீட்டி வாங்கிக்க மட்டும்தான் முடியும்னு சொன்ன. ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் ஏத்துக்கிட்டார், நன்றி சொல்லுங்கன்னு சொன்ன. நான் வேதத்தைத் திறந்து பத்து வருஷமாச்சு. எனக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதான். அதைத்தான் பண்ணியிருக்கேன். ஸ்தோத்திரம்னு சொல்லி வாங்கிக்கயேன்.

— வாங்கிக்கிட்டேனே! மூணு வாரமா அதைத்தானே பண்றேன்! வாங்கி வயித்துல வச்சிருக்கேன், செரிக்க மாட்டேங்குது.

— ஏன் செரிக்கல?

— ஏன்னா அது உன்னுது இல்ல. பெனினாகிட்ட இருந்து திருடிக் குடுத்திருக்க. தன் பிள்ளையை அடிச்சது யாருன்னு தெரிஞ்சுக்கிறது அவ உரிமை. அதை எடுத்துக்கிட்டு எனக்குக் கிருபைன்னு குடுத்தா அது கிருபை இல்லண்ணே. அவ மன்னிச்சாலும் யாரை மன்னிக்கிறா? தப்பே பண்ணாத உன்னை.

— நான் பிறந்ததுல இருந்து உருப்படியா பண்ணினது ஒண்ணே ஒண்ணு. அதையும் திருட்டுன்னுட்ட.

— அப்படிச் சொல்லல.

— அப்படித்தான் சொன்ன. பரவால்ல விடு. மூணு வாரமா நான் குடிக்கல, தெரியுமா? நீ கவனிச்சிருக்க மாட்ட. கோர்ட்டுக்குப் போற வரைக்குமாவது தங்கச்சிக்காகப் போறவன் தெளிவாப் போகணும்னு நெனச்சேன். ராத்திரியில முதல் தடவையா ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, இந்த ஒரு பொய்யை மட்டும் காப்பாத்துன்னு. அவரு சிரிச்சிருப்பார்.

— நீ குடிக்கலேன்னு எனக்குத் தெரியும்ணே. தினமும் கவனிச்சேன். சொன்னா அழுதுருவேன்னுதான் சொல்லல.

— அப்ப சும்மா இரு. எனக்காக. பாயைத் தூக்கட்டும், எந்திரிச்சுப் போவோம். போலீசை நான் பார்த்துக்கிறேன். நீ புதன்கிழமை பாடத்தை எடு.

— எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? பெனினா பதினோரு வருஷமா முதல் வரிசையில உக்கார்றவ. ஊரு விட்டு ஊரு நடந்து வருவா, மழைன்னாலும் வருவா. பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் மூணு புதனும் வந்தா. கூட்டம் முடிஞ்சதும் ஒவ்வொருத்தரும் ஒரு நன்றி சொல்லணும்ல? மூணு தடவையும் அவ 'என் பிள்ளை உயிரோட இருக்கான், ஸ்தோத்திரம்'னு சொன்னா. நான் 'ஆமென்'னு சொன்னேன்.

— நீ சொன்னா உன்னை வெட்டுவாங்க. விளையாட்டுக்குச் சொல்லல. பாய்க்குள்ள வந்து உக்காந்தும் பொய் சொன்னாங்கன்னு தெரிஞ்சா மன்னிப்பே கிடையாது. பின்னாடி இருக்கிற நம்ம சனம் அத்தனை பேருக்கும் சேர்த்து வரும்.

— தெரியும். அதனாலதான் ரெண்டு மணி நேரமா நாக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. தைரியம் இருந்தா எப்பவோ... அண்ணே, காலடி.

— ஆமா. கூழாங்கல்லுல யாரோ வர்றாங்க.

— கத்தியா?

— வெறுங்கால். பொம்பளை நடை. ஒத்தையா வர்றா. தலையைக் குனி. வாயைத் திறக்காத தாயி, உன் காலுல விழுறேன்.

— சகாரியா. லிதாரா. நான்தான், பெனினா.

— பெனினாம்மா... எங்களுக்குச் சொல்ல வார்த்தை இல்ல. உங்க பிள்ளை அலபதிக்கு நான் பண்ணினது...

— கேளு சகாரியா. நீ பேச வேண்டாம். போதகர் வந்து பேசினார். எங்க அண்ணன்மாரு கத்தியைக் கீழ வச்சுட்டாங்க. பாயைத் தூக்கச் சொல்லிட்டாங்க. பெத்தவ நான் தூக்கணும்னு வந்திருக்கேன்.

— ஸ்தோத்திரம். தாயி, கேட்டியா? முடிஞ்சுது.

— தூக்காத பெனினா.

— தாயி!

— தூக்காத! முதல்ல கேளு. ஓட்டினது அவன் இல்ல. நான். உன் பிள்ளை மேல ஏத்தினது நான். ஜெபத்துக்குப் பிந்தக் கூடாதுன்னு விரட்டிக்கிட்டு வந்தேன். இவன் எனக்காகப் பொய் சொன்னான், நான் சொல்ல விட்டேன். மூணு புதன்கிழமையும் உன் முகத்தைப் பார்த்துப் பாடம் எடுத்தேன். தூக்காத. கத்தியை எடுத்துட்டு வரச் சொல்லு.

— பெனினாம்மா, அவ சொல்றதைக் கேக்காதீங்க. வெயில்ல மூளை கலங்கிப்போச்சு. நான்தான், நான்தான் ஓட்டினேன், போலீசு எழுதி வச்சிருக்கு!

— ரெண்டு பேரும் குரலைக் குறைங்க. எங்க அண்ணன்மாருக்குக் கேக்கும்.

— கேக்கட்டும் பெனினா. கேக்கணும்னுதான்...

— எனக்குத் தெரியும் லிதாரா.

— என்ன தெரியும்?

— ஓட்டினது நீன்னு. முதல் நாள் ராத்திரியே அலபதி சொல்லிட்டான். கண்ணாடிக்குப் பின்னாடி லிதாரா அத்தை மூஞ்சியைப் பார்த்தேம்மான்னு.

— முதல் நாளேவா? அப்ப போலீசு வந்து கேட்டப்ப...

— அவனையும் சொல்லவிடல. நானும் சொல்லல. விசாரிக்கக் கூட்டிட்டுப் போக சகாரியாவைப் போலீசு வண்டியில ஏத்தினப்ப வேலியோரம் நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— ஏன்?

— நீ புழுத்துப்போகணும்னு. உன்னைப் போலீசு பிடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சுபோயிருமே. அதான் ஒவ்வொரு புதனும் வந்து முதல் வரிசையில உக்காந்தேன். நீ கிருபைன்னு சொல்லும்போது உன் வாய் காஞ்சுபோறதைப் பார்த்தேன். நல்லாயிருந்துச்சு லிதாரா. அவ்வளவு நல்லாயிருந்துச்சு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் இனிச்சுது.

— நியாயம்தான் பெனினா. நீ பண்ணினதுல தப்பே இல்ல.

— தள்ளு.

— என்ன?

— தள்ளி உக்காருன்னேன். ஓரத்தைத் தூக்கியிருக்கேன், வெளிச்சம் வருதா? கொஞ்சம் நகரு, சகாரியா.

— பெனினாம்மா, நீங்க எதுக்கு உள்ள வர்றீங்க? பாயைத் தூக்கத்தானே வந்தீங்க! ஊரே பார்க்குது. இது தப்புப் பண்ணினவங்க உக்கார்ற இடம்மா, உங்களுக்கு இங்க என்ன வேலை?

— அதுக்குத்தான் வர்றேன். முந்தாநாள் என் பிள்ளை கேட்டான், 'அத்தை பயந்துபோயிருப்பாங்க, கூட்டிட்டு வாம்மா, எனக்கு அவங்க மேல கோபமே இல்லேன்னு சொல்லணும்'னு. நான் ஆள் அனுப்பல லிதாரா. 'கூப்பிட்டேன், அவ வரமாட்டேன்னுட்டா'ன்னு அவன்கிட்ட சொன்னேன். அதை நம்பிக்கிட்டே செத்துப்போனான்.