பேசாத நாற்காலி

மிஸ், இந்தப் பருவத்தில் எழுத்து வகுப்பு எனக்கு என்ன கற்றுத்தந்தது என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னீர்கள். கூடவே, குற்றம் செய்தவரே பேசுகிற மாதிரி ஒரு கதையும் கேட்டீர்கள். இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறேன். தாள் மிச்சமாகும்.

உங்கள் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஜன்னல் ஓரத்து நாற்காலி. கதை எழுதியவள் அதைப் படித்து முடித்ததும் அங்கே போய் உட்கார வேண்டும். பத்து நிமிடத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கதையைப் பற்றிப் பேசுவார்கள். பேசும்போது ‘நீ’ என்று சொல்லக் கூடாது, ‘அந்தப் பெண்’ என்றுதான் சொல்ல வேண்டும். முக்கியமாக, ‘இது நிஜமா நடந்ததா?’ என்று யாரும் கேட்கக் கூடாது. நீங்களும் கேட்பதில்லை.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். புத்தகம் வாங்குகிறவரின் வீட்டுக்கு எழுதியவர் கூடவே போக முடியாது. கதையில் ஓட்டை இருந்தால் தாளிலேயேதான் அடைக்க வேண்டும். எழுதியவள் சும்மா இருந்தால் ஓட்டைகள் தாமாக வெளியே தெரியும். நன்றாகச் செய்த தையல் மெஷின் மாதிரி இது. யார் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி ஓடும்.

மூன்றாம் வாரம் அந்த நாற்காலியில் என் தங்கை உட்கார்ந்தாள். சித்தி மகள், என்னைவிட ஐந்து மாதம் சின்னவள். சித்திக்கு வெளிநாட்டில் வேலை என்பதால் ஆறு வயதிலிருந்து எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். எங்களுக்கு ஒரே அறை, ஒரே வகுப்பு. அவளுக்கு வீசிங் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் அவளை ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தது நான்.

வீசிங்கில் காற்று உள்ளே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெளியே வருவதுதான் பெரிய கஷ்டம். நுரையீரலில் இருக்கும் சின்னக் குழாய்கள் சுருங்கிவிடும். பழைய காற்று போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும், புதிதாக வருவதற்கு இடம் இருக்காது. அந்த இடுக்கில் காற்று கசியும்போது விசில் சத்தம் வருகிறது. இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் உள்ளே இருக்கும் வால்வு ஒரே அளவு மருந்தைத்தான் விடும். எவ்வளவு பதறிப்போய் அழுத்தினாலும் அதே அளவுதான். பின்பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டம் இருக்கிறது. இன்னும் எத்தனை அழுத்து மிச்சம் என்ற எண் அதில் குறைந்துகொண்டே வரும். நான் பார்த்ததிலேயே நேர்மையான பொருள் அது.

அவள் எழுதிய கதை இது. ஒரு பெண்ணின் இன்ஹேலர் அடிக்கடி காணாமல் போகிறது. முதலில் சட்டைப்பையில் இருந்தது பள்ளிப் பைக்குள் கிடைக்கிறது. அடுத்த முறை அலமாரியில். அதற்கடுத்த முறை மொட்டை மாடியில், துணி கிளிப் போடும் டப்பாவுக்குள். ஒவ்வொரு தடவையும் தூரம் கொஞ்சம் கூடுகிறது. அவள் தேடும்போது அவளுடைய அக்கா மடியில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் ‘இதோ இருக்கு பாரு’ என்று எடுத்துக் கொடுக்கிறாள். எல்லாரும் அக்காவைப் புகழ்கிறார்கள். ‘இருமல் வந்தால் பயமில்லை, அக்காவின் காலடிச் சத்தம்தான் பயம்’ என்று கதை முடிந்தது.

அவள் நின்று நின்று படித்தாள். தாளிலிருந்து கண்ணை எடுத்தபோதெல்லாம் உங்களைத்தான் பார்த்தாள். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு அது மட்டும்தான் பிடிக்கவில்லை.

அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் நாங்கள் ‘வக்கீல்’ என்று கூப்பிடும் பின் பெஞ்சுப் பெண் ஆரம்பித்தாள். “மிஸ், அந்த அக்கா என்ன லூசா? வேற வேலையே இல்லையா அவங்களுக்கு?”

வகுப்பே சிரித்தது. நீங்களும் கொஞ்சம் சிரித்தீர்கள்.

“எனக்கு ஒண்ணு தோணுது மிஸ்,” என்றேன். “அந்த அக்காவுக்குக் காரணமே இல்ல. பொறாமையா, கோபமா, ஒண்ணும் தெரியல. காரணம் இல்லாம ஒருத்தி இப்படிச் செய்வாளா? படிக்கிறவங்க எப்படி நம்புவாங்க?”

“அருமையான கேள்வி,” என்றீர்கள். “சரி, வேற எப்படி யோசிக்கலாம்?”

“அந்தப் பொண்ணே எங்கயாவது வெச்சிட்டு மறந்திருந்தா?” என்றாள் வக்கீல். “மறதிக்காரி, ஆனா பழி மட்டும் அக்கா மேல!”

அப்போது தங்கை எழுந்திருக்கப் பார்த்தாள். “இல்ல மிஸ், அது—”

நீங்கள் உதட்டில் விரலை வைத்து, அன்பாகத்தான், “நாற்காலி பேசாதும்மா,” என்றீர்கள். அவள் மறுபடி உட்கார்ந்தாள். இன்னும் ஏழு நிமிடம் பாக்கி இருந்தது. அந்த ஏழு நிமிடமும் அவள் இரண்டு கையாலும் சட்டைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கைக்கடிகாரம் என் மடியில் இல்லை, தலையணை மேல் இருந்தது. மற்றபடி கதையில் இருந்ததெல்லாம் சரிதான்.

நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. திட்டியதும் இல்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள அதில் ஒரு பாகத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பயம் மூச்சில் ஆரம்பிக்கும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, கையில் ஆரம்பிக்கிறது. கை சட்டைப்பையைத் தடவும், அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு சுமார் நாற்பது வினாடியில்தான் மூச்சு மாறும். சில நாள் இன்ஹேலர் தேவையே இல்லாத நேரத்தில் எடுத்து வைத்தேன். இல்லை என்று தெரிந்ததாலேயே அவளுக்கு இரைப்பு வந்தது. இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் நான் கொடுத்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் அவள் என் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். “பெரியம்மா, அக்காதான் எடுத்து ஒளிச்சு வெக்கிறா.” அம்மா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, “அவதானேடி ஒவ்வொரு தடவையும் தேடிக் குடுக்கிறா? நீ எங்கயாவது போட்டுட்டு அவ மேல ஏன் பாயற?” என்றார். அதன் பிறகுதான் அவள் கதையாக எழுதி உங்களிடம் கொண்டுவந்தாள். அது கதை இல்லை, உங்களுக்கு எழுதிய கடிதம். நீங்கள் விதிப்படி நடந்தீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

திருத்துவதற்கு ஆளுக்கு ஒரு துணை போட்டீர்கள். ஒரே வீடு, சேர்ந்து உட்கார வசதி என்று அவளுக்கு என்னைப் போட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம்.

“அக்கா, இந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டுமே.”

“எந்த வரி?”

“காலடிச் சத்தம்.”

“யாருக்கும் புரியாதுடி. காரணம் என்னன்னு வகுப்புலயே கேட்டாங்கல்ல. உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அப்ப வெட்டிடு.”

இன்ஹேலர் மேசையில் என் பக்கம் இருந்தது. நான் அதைத் தொடக்கூட இல்லை. அவள் பென்சிலை எடுத்து, ஒரே கோடாக இழுத்து அந்த வரியை வெட்டினாள்.

மூன்றாவது பிரதியில் அந்தப் பெண் மறதிக்காரி ஆகிவிட்டாள். தன் மறதிக்கு வெட்கப்பட்டு அக்கா மேல் பழி போடுகிறாள், கடைசியில் அழுது மன்னிப்புக் கேட்கிறாள். நீங்கள் நட்சத்திரம் போட்டு அதைப் பலகையில் குத்தினீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அம்மா அதன் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தார். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு, “இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே கண்ணு,” என்று அழுதார். அம்மா தோளுக்கு மேலே தங்கையின் முகம் தெரிந்தது. அவள் அழவில்லை.

அன்றைக்கே எல்லாம் மாறியது. “இனிமே அது உன்கிட்டயே இருக்கட்டும். இவ தொலைச்சிடுவா,” என்று அம்மா என் கையில் கொடுத்தார். பள்ளி நர்ஸும் தன் பதிவேட்டில் ‘இன்ஹேலர் அக்காவிடம்’ என்று எழுதிக்கொண்டார். நான் ஒளித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஒரு நல்ல திருத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் இந்தப் பருவத்தில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம்.

இன்று வராந்தாவில் பெயின்ட் அடிக்கிறார்கள், அந்த நெடி அவளுக்கு ஆகாது. அந்தப் பக்க ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டேன். “திற, புழுங்குது,” என்றீர்கள். மூன்று பெஞ்சு முன்னால் தங்கையின் தோள் ஏறி இறங்க ஆரம்பித்து நான்கு நிமிடம் ஆகிறது. கை சட்டைப்பைக்குப் போய்விட்டுச் சும்மா திரும்பியது. நீங்கள் குனிந்து தாள் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் விதியை மீறாத பெண்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குப் பயமாக இருக்கலாம். ஓரத்தில் ‘அக்காவுக்குக் காரணம் வேண்டும்’ என்று சிவப்பு மையில் எழுதுவீர்கள். நியாயம்தான். ஆனால் நிஜமா என்று கேட்க முடியாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எடுத்ததெல்லாம் நான்தான். பதினேழு தடவை. இது பதினெட்டு. இன்ஹேலர் என் பையில், கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. கட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டுகிறது. இந்தப் பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்க் கொடுத்துவிடுவேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

காரணத்தை நானும் நேர்மையாகத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இப்போது அவள் தலையைத் திருப்பிவிட்டாள். உங்கள் பக்கம் இல்லை மிஸ், என்னைத்தான் பார்க்கிறாள். வாய் திறந்திருக்கிறது. இப்படி அவள் என்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

பக்கம் முடிந்துவிட்டது. மிஸ், எனக்கு இன்னும் ஒரு தாள் வேண்டும்.