அத்தை உட்கார்ந்தால் அணையும் திரை

மருமகன்: அத்தை, முதல்ல ஒரு நல்ல சேதி. விழுந்தது லேப்டாப்தான். நான் விழலை.

அத்தை: அதைத்தான் நானும் நெனச்சுக்கிட்டு நிக்கறேன்.

மருமகன்: சார்ஜர் ஒயர் கால்ல மாட்டிடுச்சு...

அத்தை: ஒயர் எப்பவும் கிடக்கற இடத்துலதான் கிடக்கு. கால்தான் புதுசா வந்திருக்கு.

மருமகன்: போன தடவை வந்தப்ப ஊசி குத்திச்சுல்ல. அதான் தரையில ஊசி கிடக்கான்னு பாத்துக்கிட்டே வந்தேன். ஊசியப் பாத்தேன், ஒயரை விட்டுட்டேன்.

அத்தை: ஊசிக்குத்தான் வாசல்லயே மருந்து கொடுத்துட்டீங்களே. இதோ, நீங்க வாங்கிட்டு வந்த காந்தப் பட்டைய இடது கையில கட்டியாச்சு. ஊசி எல்லாம் காந்தத்துல வந்து ஒட்டிக்குது.

மருமகன்: பிடிச்சிருக்கா? வாட்ச் மாதிரி மணிக்கட்டுல நிக்குதுல்ல. தையல் சாமான் கடையில தேடிப் பிடிச்சு வாங்கினேன்.

அத்தை: பாப்போம்.

மருமகன்: கட்டிக்கிட்டீங்க, ஊசியும் ஒட்டியாச்சு. இன்னும் என்னத்தைப் பாக்கறது?

அத்தை: மாப்பிள்ளை, மூணு மணிக்கு நாடகக் குழுக்காரங்க இதுல வீடியோவுல பேச வர்றாங்க. மொத்த நாடகத்துக்கும் உடுப்பு. நான் வரைஞ்ச படம் பூரா இதுக்குள்ள இருக்கு. சம்பளத்துக்குத் தெச்ச தையல் கடைய விட்டு வெளிய வந்தப்புறம் எனக்குன்னு வர்ற முதல் பெரிய வேலை. இப்பப் போய் காந்தம் பிடிச்சிருக்கா, பசை பிடிச்சிருக்கான்னு...

மருமகன்: பதறாதீங்க. துணிக் குவியல் மேலதானே விழுந்துச்சு? மேசை மேல வெச்சாச்சு. பாருங்க, எரியுது.

அத்தை: எரியுதா? நகருங்க.

மருமகன்: ஜம்முனு எரியுது. ஓரத்துல ஒரு பச்சைக் கோடு மட்டும்...

அத்தை: அது பழைய கோடு. பார்டர்னு வெச்சுக்கிட்டேன். நகருங்கன்னேன்.

மருமகன்: உக்காருங்க.

அத்தை: ...போச்சு.

மருமகன்: என்ன போச்சு?

அத்தை: இருட்டாயிடுச்சு.

மருமகன்: எதை அமுக்கினீங்க?

அத்தை: நாற்காலிய. வேற எதையும் அமுக்கலை.

மருமகன்: எந்திரிங்க, நான் உக்காந்து பாக்கறேன்... இதோ, வந்துடுச்சே.

அத்தை: விடுங்க... மறுபடியும் போயிடுச்சு. என்ன மாப்பிள்ளை, ஆளைப் பாத்து எரியுதா இது?

மருமகன்: வயசாயிடுச்சுல்ல, அத்தை. அதுக்கும் ஒரு பிடிவாதம் வந்திருக்கும்.

அத்தை: என்னைச் சொல்றீங்களா, அதைச் சொல்றீங்களா?

மருமகன்: அதை... அதைத்தான். மூடி சேர்ற இடம் லூஸா இருக்கு. எலாஸ்டிக் போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்களே.

அத்தை: நல்ல எலாஸ்டிக். பாவாடைக்குப் போடறது. அதுபாட்டுக்கு நாலு வருஷம் உழைக்கும்.

மருமகன்: உள்ள போற ஒயர் அங்கதான் நசுங்கியிருக்கும். நான் ரெண்டு கையாலயும் திரைய ஆடாமப் பிடிச்சுக்கறேன். நீங்க மெதுவா உக்காருங்க.

அத்தை: உக்காந்துட்டேன்.

மருமகன்: கைய வெச்சீங்களா?

அத்தை: வெச்சேன். போயிடுச்சு.

மருமகன்: நான் இம்மிகூட ஆட்டலையே...

அத்தை: கடைக்குக் கொண்டுபோனா?

மருமகன்: வெச்சுட்டுப் போங்க, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்வான். மணி என்ன?

அத்தை: ரெண்டரை ஆகப்போகுது. போன்ல பேசினா என் மூஞ்சிதான் தெரியும். மூஞ்சியப் பாத்து யாரு வேலை கொடுப்பா?

மருமகன்: அசையாம அப்படியே இருங்க. டார்ச் அடிச்சுப் பாக்கறேன். உள்ள படம் மங்கலாத் தெரிஞ்சா விளக்கு மட்டும்தான் போயிருக்குன்னு அர்த்தம்.

அத்தை: தெரியுதா?

மருமகன்: தெரியுது.

அத்தை: என்ன தெரியுது?

மருமகன்: என் மூஞ்சி.

அத்தை: அதுக்கு டார்ச் வேறயா?

மருமகன்: பேட்டரியக் கழட்டி மாட்டிப் பாப்போம். முக்காவாசி வியாதி அதுலயே தீந்துடும்.

அத்தை: இதை எங்க படிச்சீங்க?

மருமகன்: படிக்கலை. டிவிக்குப் பொருந்தும், மிக்ஸிக்குப் பொருந்தும்... அத்தை, ஒண்ணு சொல்லிடறேன். நீங்க தெரு பூரா மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்கார்னு சொல்லி வெச்சிருக்கீங்க. நான் இருக்கறது பிரிட்ஜ் கடையில.

அத்தை: அங்க பில் போடற கம்ப்யூட்டர் இருக்குல்ல?

மருமகன்: இருக்கு. அதைத் தொட்டா கேஷியர் திட்டுவார்.

அத்தை: பக்கத்துல நிப்பீங்கல்ல. அது போதும் இந்தத் தெருவுக்கு.

மருமகன்: பேட்டரி மாட்டியாச்சு. ஆன் ஆகுது... வந்துடுச்சு. நீங்க உக்காராதீங்க. தள்ளியே நில்லுங்க. நானே உக்காந்து படத்தைத் திறந்து வைக்கறேன். எது?

அத்தை: அந்த மஞ்சப் பெட்டிக்குள்ள. இல்ல, அதுக்குக் கீழ.

மருமகன்: இதுவா?

அத்தை: அது மளிகைக் கணக்கு. இருங்க, நானே காட்டறேன். இந்த பட்டனைத் தட்டிட்டு...

மருமகன்: நில்லுங்க.

அத்தை: போயிடுச்சா? நான் உக்காரவே இல்லையே. நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்.

மருமகன்: எந்தக் கையால தட்டினீங்க?

அத்தை: இடது கையால. வலது கையில டீ இருக்கு.

மருமகன்: இடது கைய எடுங்க.

அத்தை: எடுத்தாச்சு. ஐயோ, வந்துடுச்சு.

மருமகன்: வைங்க.

அத்தை: போச்சு.

மருமகன்: எடுங்க.

அத்தை: வந்துடுச்சு. என்ன மாப்பிள்ளை, டிரில் வாங்கறீங்களா?

மருமகன்: டீய வெச்சுட்டு வலது கைய வைங்க.

அத்தை: ...எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு.

மருமகன்: அத்தை, பிரிட்ஜ் கதவைத் திறந்தா உள்ள லைட் எரியும். மூடினா அணையும். கதவு மூடியிருக்குன்னு பிரிட்ஜுக்கு யார் போய்ச் சொன்னா?

அத்தை: இப்ப எதுக்குப் பிரிட்ஜு? மணி ஓடுது.

மருமகன்: சொல்லுங்க.

அத்தை: ஒரு சின்ன பட்டன் இருக்கும். கதவு போய் அதை அமுக்கும்.

மருமகன்: அது பழசுல. நாங்க இப்ப விக்கறதுல பட்டன் கிடையாது. கதவுல ஒரு காந்தம். காந்தம் கிட்ட வந்தா, சரி, கதவை மூடிட்டாங்கன்னு பிரிட்ஜ் நெனச்சுக்கும், லைட்டை அணைச்சுடும். ஒரு அம்மா கதவுல பொம்மை காந்தமா ஒட்டி வெச்சுட்டு, லைட்டே எரியலைன்னு கடைக்கு வந்து என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. உங்க லேப்டாப்பும் அதே ஜாதிதான். மூடியில காந்தம் இருக்கும். மூடி மூடினா திரை அணையணும்.

அத்தை: மூடி திறந்துதானே இருக்கு?

மருமகன்: நமக்குத் திறந்திருக்கு. அது பாவம், காந்தம் வந்த உடனே மூடியாச்சுன்னு தூங்கிடுது. உங்க இடது கையில என்ன இருக்கு?

அத்தை: கையில... அடக் கடவுளே.

மருமகன்: வேணும்னா கழட்டிட்டு உக்காந்து பாருங்க.

அத்தை: கழட்டணுமா? வலது கைக்கு மாத்திக்கறேனே.

மருமகன்: அத்தை, மூணு மணி ஆட்டம் முடியற வரைக்கும் அது ஜன்னல்கிட்ட இருக்கட்டும்.

அத்தை: சரி, சரி. கழட்டியாச்சு. உக்காரறேன்... ரெண்டு கையும் வெச்சுட்டேன். எரியுது. மாப்பிள்ளை, எரியுது.

மருமகன்: ஆகவே, கனம் நீதிபதி அவர்களே, நான் கீழ தள்ளினதுக்கும் திரை அணைஞ்சதுக்கும் சம்பந்தமே இல்லை. நான் நிரபராதி.

அத்தை: காந்தம் வாங்கிட்டு வந்தது யாரு?

மருமகன்: ...நான்தான்.

அத்தை: கீழ தள்ளினது?

மருமகன்: அதுவும் நான்தான். ஆனா கண்டுபிடிச்சதும் நான்தான், அதையும் எழுதிக்கங்க.

அத்தை: தலைய ஒதுக்கிக்கங்க. மணி அடிக்குது. வந்துட்டாங்க.

நாடகக் குழுப் பெண்: வணக்கம்மா. நல்லாத் தெரியறீங்க. ராணி உடுப்புப் படத்தைக் காட்டுங்களேன்... அழகா இருக்கு. ஆனா கதையில ராணி மேடையில நின்னுக்கிட்டே சிப்பாயா மாறணும். உள்ள போய் மாத்திட்டு வர நேரமே கிடையாது.

அத்தை: உள்ள போக வேண்டாம். அங்கிக்குள்ளயே சிப்பாய் உடுப்பு இருக்கு. முதுகுல ஒரே ஒரு நாடா. யாராவது பின்னாடி வந்து இழுத்தா அங்கி மொத்தமாக் கழண்டு கால்கிட்ட விழுந்துடும். சிப்பாய் நிப்பான். அடுத்த படத்துல இருக்கு பாருங்க.

நாடகக் குழுப் பெண்: ...இதைத்தான் நாங்க எல்லார்கிட்டயும் கேட்டோம். எல்லாரும் பட்டன், பட்டன்னே சொன்னாங்க. பிரமாதம்மா. மொத்தமும் அடுத்த மாசக் கடைசிக்குள்ள முடிச்சுடுவீங்களா?

அத்தை: பாப்போம்.

நாடகக் குழுப் பெண்: பாப்போம்னா... எங்களுக்கு உறுதியாத் தெரியணுமே. அரங்கத்துக்குத் தேதி சொல்லிட்டோம்.

அத்தை: அதான்... பாப்போம்.

மருமகன்: மேடம், குறுக்க பேசறேன், மன்னிச்சுக்கங்க. இவங்க பாப்போம்னா முடிச்சுடுவேன்னு அர்த்தம். இன்னிக்கு வரைக்கும் இவங்க வாயிலேருந்து நான் வேற பதிலே கேட்டதில்லை. ஆனா சொன்ன எதுவும் நடக்காம நின்னதும் இல்லை.

நாடகக் குழுப் பெண்: நீங்க யாரு சார்?

மருமகன்: நான் வந்து... இந்த ஒயர்...

அத்தை: என் மாப்பிள்ளை. கம்ப்யூட்டர்ல இருக்கார்.

நாடகக் குழுப் பெண்: ஓ, அதான் படம் எல்லாம் இவ்வளவு தெளிவா வருதா. அப்ப அவர் சொன்னதையே உறுதியா எடுத்துக்கலாமாம்மா?

அத்தை: எடுத்துக்கங்க. முடிச்சுடுவேன்.

நாடகக் குழுப் பெண்: சந்தோஷம். அப்ப வேலை உங்களுக்குத்தான். நாளைக்கு வந்து நடிகர்களுக்கு அளவு எடுத்துடுங்க. வர்றோம்மா.

அத்தை: ...போயிட்டாங்களா?

மருமகன்: போயிட்டாங்க.

அத்தை: வேலை நமக்குத்தான்னு சொன்னாங்கல்ல? நான் சரியாக் கேட்டேன்ல?

மருமகன்: சொன்னாங்க. அந்த ஒரு நாடாவுலயே அவங்க விழுந்துட்டாங்க. என்ன அத்தை, கண்ணைத் துடைக்கறீங்க?

அத்தை: நூல் தூசி. நாள் பூரா துணியோட கிடந்தா அப்படித்தான்... என் பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. ஆபீஸ்ல எடுக்க மாட்டா, எடுக்கற வரைக்கும் போடுங்க.

மருமகன்: போடறேன். அதுக்கு முன்னாடி... அத்தை, நீங்க இப்ப முடிச்சுடுவேன்னு சொன்னீங்க. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். நேத்துப் பழக்கமான நாடகக் குழுவுக்கு நேரா ஒரு பதில் கிடைக்குது. எனக்கு ரெண்டு பிள்ளை பொறந்தாச்சு, இன்னும் கிடைக்கலை.

அத்தை: உங்களுக்கு என்ன பதில் பாக்கி வெச்சேன்?

மருமகன்: பொண்ணு கேட்டு வந்தேனே, இதே நாற்காலியில உக்காந்து. பேசறதுக்கு வீட்டுலேருந்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். நீங்க மூஞ்சியக்கூடப் பாக்கலை. என் கழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, பாப்போம்னு சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டீங்க. கல்யாணம் நடந்துச்சு, சரி. அவ அடம் பிடிச்சதால நடந்துச்சா, உங்களுக்கும் மனசு இருந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சும்மா கேக்கலை, அத்தை. சம்மதமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. பாப்போம் வேண்டாம்.

அத்தை: சம்மதம்தான், மாப்பிள்ளை. நீங்க வாசப்படி ஏறறதுக்கு முன்னாடியே சம்மதம். அவ உங்க பழைய சட்டை ஒண்ணை எடுத்துட்டு வந்து கொடுத்தா. அதை அளவுக்கு வெச்சுக் கல்யாணச் சட்டைய அன்னிக்குக் காலையிலயே தெச்சு முடிச்சுட்டேன். பழசுல காலர் நைஞ்சு போயிருந்துச்சு, கழுத்தளவு மட்டும் சந்தேகம். அதான் நீங்க பேசப் பேசக் கழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்... விறுவிறுன்னு உள்ள போனது, காலரைப் பிரிச்சு அரை விரல் தளத்திவிட.