வேர் பிடிக்கும் வரை

அந்தூரியத்துக்குத் தண்ணீர் ஊற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர்; ஊற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. என்னாலும் முதலில் முடியவில்லை. மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பேன், வந்து உட்காருவேன், மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பேன். இப்போதும் பாருங்கள், இந்த நாற்காலியில் நிலையாக உட்கார வரவில்லை. பயம் என்று நினைத்துவிடாதீர்கள் ஐயா. வீட்டில் செடி தனியாக இருக்கிறது.

இடுப்பெலும்பு முறிந்து தங்கை என் வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் அதை வாங்கினேன். அவள் கணவருக்கு வெளியூரில் வேலை. பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆள் இல்லை. நேர் வெயில் படாமல், அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். தொட்டி மாற்றியதும் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நர்சரிக்காரரிடம் போய் நின்றேன்.

"வேர் பிடிக்கிற வரைக்கும் மொட்டு வந்தா கிள்ளிருங்கம்மா. பூவுக்குப் போற தெம்பு வேருக்குப் போகட்டும்" என்றார்.

கிள்ளினேன். தங்கை படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாவம்க்கா, ஒண்ணே ஒண்ணு பூத்துட்டுப் போகட்டுமே. உங்கிட்ட மாட்டினா செடிகூட வாயத் தெறக்க முடியாது போல."

இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் இரண்டு பேராகச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் அலுவலகத் தோழி அடிக்கடி போன் செய்தாள். பேசி முடித்தால் தங்கைக்கு வேலை நினைப்புதான். படுக்கையில் புரண்டுகொண்டே கிடப்பாள். அதனால் போனை என் அறையில் வைத்துக்கொண்டேன். பிசியோதெரபி அம்மா வந்துபோனால் கால் வலிக்கிறது என்று முனகுவாள். அதனால் அந்த அம்மாவிடம், "தங்கச்சிக்கு இஷ்டமில்லைங்க" என்றேன். தங்கையிடம், "அவங்க இனிமே வரமாட்டாங்களாம்டி" என்றேன். அவள் ஒருநாள் முழுக்க அழுதாள். கிள்ளும்போது செடிக்கும் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் அவள் பிடிவாதக்காரி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே கூடம் வரை நடந்தாள். பிறகு வாசல் வரை. சமையலறையில் நிற்கும்போது தொப், தொப் என்று கேட்கும். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். "ஒண்ணுமில்லக்கா, சும்மா தெருவைப் பாத்தேன்" என்பாள். அடுப்பருகே திரும்புவேன். மறுபடி கேட்கும். எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

ஒருநாள் சாயங்காலம் தங்கை மாப்பிள்ளை என்னை போனில் கூப்பிட்டார். "அண்ணி, நாளைக்கு கார் எடுத்துட்டு வர்றேன். அவளக் கூட்டிட்டுப் போயிடறேன். நீங்க பட்டது போதும்."

"நான் என்ன பட்டேன் மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அதற்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் இலைக்கு அடியில் மாவுப்பூச்சி தெரிந்தது. செடியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சோப்புத் தண்ணீரால் கழுவினேன். தரையெல்லாம் தண்ணீர். எப்போதும் உடனே துடைத்துவிடுவேன். அன்று செடியைத்தான் கவனித்தேன். தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், தொட்டியைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். வாக்கர் கால்களில் மாட்டியிருந்த ரப்பர் மூடிகள் அதற்கு அளவாக இருந்தன. மூன்று போதும். நான்காவதை விட்டுவிட்டேன்.

தொட்டிக்கு அடியிலிருந்து அவற்றை எடுத்த உங்கள் காவலர், "ஏம்மா, ஒரு ஓட்டுத் துண்டுகூடவா கிடைக்கல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுக்குப் பின்னால் குவியலாகக் கிடக்கின்றன. அது எனக்குத் தெரியும். கார் சத்தம் கேட்டால் அவள் அவசரமாக எழுந்து வருவாள் என்பதும் தெரியும். ஈரத்தில் அந்த வாக்கர் நிற்காது என்பதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

விழுந்ததில் முதுகுத்தண்டில் அடி, இனி நடக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். நான் உள்ளே போய் அவள் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரி இரைச்சலில் அவளுக்குப் பேசப் பிடிக்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். படுக்கை விரிப்பை மாற்றி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பேசுவாள்.